ஒரு பல் முன்னாலா, மூன்று பல் பின்னாலா? பைக் ஸ்ப்ராக்கெட் தேர்வு

எஞ்சினைத் திறக்காமல் பைக்கின் குணத்தை மாற்றக்கூடிய வேலைகளில் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்; முன்னால் எஞ்சின் பக்கம் ஒன்று, பின் சக்கரத்தில் ஒன்று) மாற்றுவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பல் கூட்டுவது அல்லது குறைப்பது, அவ்வளவுதான் வேலை. ஆனால் முதல் கியர் தொடங்கி டாப் கியர் வரை எல்லாமே ஒரே நாளில் மாறிவிடும். அதனால்தான் "அவர் முன்னால் 13 பல் போட்டார், வண்டி பிய்த்துக்கொண்டு போகிறது" என்று கேள்விப்பட்டு அப்படியே நம் வண்டியில் போட்டால் பல சமயம் ஏமாற்றமாகிவிடுகிறது. அவர் போகும் பாதை வேறு, அவர் வண்டியில் ஏறும் சுமை வேறு. உங்கள் வண்டி பெரும்பாலான நேரம் எந்த வேகத்தில், எந்த கியரில், எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) ஓடுகிறது என்பதிலிருந்துதான் பல் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், எளிதுதான். பின் ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையை முன் ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது விகிதம். முன்னால் 14, பின்னால் 42 என்றால் விகிதம் 3. அதாவது முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இந்த எண் கூடினால் இழுவை கூடும், அதே ஆர்பிஎம்மில் வேகம் குறையும். எண் குறைந்தால் வேகம் கூடும், இழுவை குறையும். முன்னால் பல்லைக் குறைப்பதும் பின்னால் பல்லைக் கூட்டுவதும் ஒரே திசைதான், இரண்டும் இழுவைப் பக்கம். இதில்தான் பலர் குழம்புகிறார்கள். "பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டால் வேகம் வரும்" என்பது முன்னால் மட்டும்தான் சரி, பின்னால் அது நேர் எதிர்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 14 பல்லில் ஒரு பல் குறைந்தால் விகிதம் கிட்டத்தட்ட 7.7 சதவீதம் கூடுகிறது. 42 பல்லில் ஒரு பல் கூடினால் 2.4 சதவீதம்தான் மாறுகிறது. முன்னால் ஒரு பல் என்பது பின்னால் ஏறக்குறைய மூன்று பல்லுக்குச் சமம். முன்/பின் என்று எழுதினால், 13/42 என்றால் 3.23, 14/45 என்றால் 3.21. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். வண்டியில் ஒன்றல்ல. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எதைப் பார்த்து முடிவு செய்வது

எண்களை ஒப்பிட ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்கிறேன். 14/42 ஸ்ப்ராக்கெட், 130/70-17 பின் டயர், பிரைமரி விகிதம் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலான விகிதம்) 3.0, டாப் கியர் விகிதம் 0.92. அந்த டயர் ஒரு சுற்றுக்கு 1.93 மீட்டர் போகும். இந்த வண்டி டாப் கியரில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது எஞ்சின் சுமார் 5730 ஆர்பிஎம்மில் இருக்கும். முன்னால் 13 போட்டால் அதே 80க்கு 6170. முன்னால் 15 போட்டால் 5345. வேறு விதமாகச் சொன்னால், 6000 ஆர்பிஎம்மில் பழைய செட் 84 கி.மீ., 13 போட்டால் 78, 15 போட்டால் 90.

உங்கள் வண்டிக்கு இதைக் கண்டுபிடிக்க கியர்பாக்ஸ் விகிதங்களைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. வழக்கமாகப் போகும் வேகத்தில், டாப் கியரில், டாக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைப் புதிய விகிதத்தால் பெருக்கிப் பழைய விகிதத்தால் வகுங்கள். புதிய ஆர்பிஎம் கிடைத்துவிடும். அந்த ஆர்பிஎம்மில் இப்போதே வண்டியை ஓட்டிப் பார்த்துவிடவும் முடியும். கையில் எவ்வளவு அதிர்வு, காதில் எவ்வளவு சத்தம், எஞ்சின் இலகுவாக இருக்கிறதா என்று அரை மணி நேரம் அந்த ஆர்பிஎம்மிலேயே போய்ப் பாருங்கள். ஒரு பொருளும் வாங்காமல் செய்யக்கூடிய இந்தச் சோதனையைச் செய்பவர்கள் குறைவு. நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

அப்புறம் வண்டி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். லேசான மேட்டிலும் எதிர்காற்றிலும் டாப் கியர் தாங்காமல் ஒரு கியர் இறக்கிக்கொண்டே இருக்கிறீர்களா? நெரிசலில் முதல் கியரில்கூட அரை கிளட்சிலேயே போக வேண்டியிருக்கிறதா? அப்படியானால் வண்டிக்கு இழுவை தேவை. மாறாக, முதல் கியர் நகர்ந்த உடனேயே தீர்ந்துபோகிறது, நெடுஞ்சாலையில் "இன்னொரு கியர் இருந்தால் நன்றாக இருக்கும்" என்று இடது கால் தானாகத் தேடுகிறது என்றால் வேகப் பக்கம் போகலாம். இரண்டும் இல்லையென்றால் கம்பெனி செட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

முன்னால் ஒரு பல் குறைப்பது

இதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. காரணமும் நியாயமானதுதான். மாற்ற வேண்டியது ஒரு சின்னத் துண்டு, பின் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். செயின் நீளத்தையும் தொட வேண்டாம். 520 செயினில் (இந்த எண் செயினின் அளவு, கீழே சொல்கிறேன்) ஆக்ஸிலை, அதாவது பின் சக்கர அச்சை, சுமார் 4 மி.மீ. பின்னால் தள்ளினால் போதும், செயினை இறுக்கும் அட்ஜஸ்டரில் அந்த இடம் அநேகமாக இருக்கும். சின்ன வண்டிகளின் 428 செயினில் அதைவிடவும் குறைவு. பின் சக்கரத்துக்கு வரும் இழுவை எல்லா கியரிலும் 7.7 சதவீதம் கூடுகிறது. பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரிலேயே ஏறிவிட முடிகிறது. முன்பு அங்கே முதல் கியருக்கு இறக்க வேண்டியிருக்கும்.

ஆனால் இதற்கான விலையைச் செயின் கொடுக்கிறது. செயின் வட்டமாகச் சுற்றுவது போலத் தெரிந்தாலும் உண்மையில் பலகோணமாகத்தான் மடிகிறது. பல் எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு லிங்கும் அதிகக் கோணத்தில் மடிய வேண்டும். செயினின் வேகமும் ஒரே சீராக இல்லாமல் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் 15 பல்லில் 2.2 சதவீதம், 14ல் 2.5, 13ல் 2.9, 12ல் 3.4. எண்கள் சின்னதாகத் தெரியலாம், ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும் விஷயம் இது. பழைய செயின் என்றால் காலில் அதிர்வாகவே தெரியும்.

இரண்டாவது, செயினின் இழுவிசை. எஞ்சின் கொடுக்கும் முறுக்கு அதேதான், ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் மட்டும் குறைகிறது. எனவே செயின் 7.7 சதவீதம் அதிக விசையில் இழுபடுகிறது, அதுவும் ஒரு பல் குறைவான ஸ்ப்ராக்கெட்டில். தேய்மானம் இரண்டு பக்கமும் கூடுகிறது.

மூன்றாவதாக, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம். 520 செயினுக்கான 14 பல் ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் 71 மி.மீ., 13க்கு 66 மி.மீ. அதாவது செயினின் மேல் பகுதி முன்பக்கம் இரண்டரை மி.மீ. கீழே இறங்குகிறது. ஸ்விங் ஆர்மின் முன்பக்கம் இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தேய்ப்பானில் செயின் அதிகமாக உரச ஆரம்பிக்கும். அது தேய்ந்து முடிந்தால் அடுத்து ஸ்விங் ஆர்மின் உலோகம்தான். 13 போட்டவர்கள் ஒவ்வொரு முறை செயின் சுத்தம் செய்யும்போதும் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

13க்குக் கீழே போக நான் பரிந்துரைக்கமாட்டேன். 12 பல் தேவைப்படுகிறது என்று தோன்றினால், அந்த வேலைக்குப் பின் ஸ்ப்ராக்கெட்தான் சரியான இடம்.

பின்னால் பல் கூட்டுவது

நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். முன்னால் பல் மாறாததால் செயின் மடியும் கோணமும் அதன் இழுவிசையும் அப்படியே இருக்கின்றன. ஸ்விங் ஆர்ம் பக்கமும் கிட்டத்தட்டப் பழையபடிதான். அதைவிட முக்கியம், இங்கே சின்னச் சின்னப் படிகளாகப் போக முடிகிறது. 43 என்றால் 2.4 சதவீதம், 44 என்றால் 4.8, 45 என்றால் 7.1. முன்னால் ஒரு பல் என்பது ஒரே தாவலாக 7.7. பலருடைய வண்டிக்குத் தேவைப்படுவது அந்த இடைப்பட்ட 4, 5 சதவீதம்தான்.

சிரமம் வேலையில் இருக்கிறது. பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். செயின் நீளத்தையும் யோசிக்க வேண்டும். 520 செயினில் பின்னால் ஒரு பல் கூட்டினால் ஆக்ஸில் சுமார் 4 மி.மீ. முன்னால் வர வேண்டும், மூன்று பல் கூட்டினால் 13 மி.மீ. அந்த அளவு இடம் பல வண்டிகளில் இருக்காது. அப்போது செயினில் 2 லிங்க் கூட்ட வேண்டும். உள் லிங்கும் வெளி லிங்கும் ஜோடியாக வருவதால் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். 2 லிங்க் கூட்டினால் ஆக்ஸில் சுமார் 16 மி.மீ. பின்னால் போகும். இந்த இரண்டு எண்ணையும் கூட்டிக் கழித்து, அட்ஜஸ்டரின் நடுப்பகுதிக்கு அருகில் ஆக்ஸில் வருகிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். பின்னால் அட்ஜஸ்ட் செய்ய இடமே இல்லாமல் போனால், செயின் கொஞ்சம் நீண்டதும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஆக்ஸிலின் இடம் மாறுவதை ஓட்டும்போதும் உணரலாம். முன்னால் வந்தால் வண்டி வளைவில் சற்றுச் சுறுசுறுப்பாகத் திரும்பும், பின்னால் போனால் நேர்ச்சாலையில் கொஞ்சம் நிதானமாக நிற்கும். சில மில்லிமீட்டர்தான் என்றாலும் ஒரே வண்டியை வருடக்கணக்கில் ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும்.

செயின் கார்டில் (செயினை மூடும் தகடு) உரசுகிறதா என்றும் பாருங்கள். 42க்கு 212 மி.மீ. விட்டம், 45க்கு 228. கரடுமுரடான பாதையில் ஓட்டுபவர்கள், பெரிய ஸ்ப்ராக்கெட் கல்லுக்கு அருகில் இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேகப் பக்கம் போவது

முன்னால் 15 போட்டால் செயினுக்குக் கொண்டாட்டம். மடியும் கோணம் குறைகிறது, இழுவிசை குறைகிறது, சத்தமும் குறைகிறது. 80ல் கிட்டத்தட்ட 400 ஆர்பிஎம் இறங்குகிறது. டார்க் (முறுக்கு விசை) தாராளமாக உள்ள பெரிய எஞ்சினில், நீண்ட நேர்ச்சாலையில், இது உண்மையிலேயே அருமையான மாற்றம்.

சின்ன எஞ்சினில் நான் இதைச் செய்யமாட்டேன். காரணம் காற்று. காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிக்குத் தக்கபடி ஏறுகிறது. வேகம் 10 சதவீதம் கூட வேண்டுமென்றால் காற்றுக்கு மட்டுமே 33 சதவீதம் அதிக சக்தி வேண்டும். கம்பெனி செட்டிலேயே டாப் கியரில் அதிகபட்ச சக்தி தரும் ஆர்பிஎம்மை எட்ட முடியாமல் திணறும் வண்டிக்கு விகிதத்தை இன்னும் நீட்டினால் டாப் ஸ்பீடு கூடாது, குறையும். ஐந்தாவது கியரில் போவது ஆறாவதைவிட வேகமாக இருக்கும் நிலையும் வரும். டாப் ஸ்பீடுக்காக 15 போட நினைப்பவர்கள், கடைசி கியரில் முழு த்ராட்டில் கொடுத்தால் டாக்கோமீட்டர் எதுவரை போகிறது என்று பாதுகாப்பான இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதிகபட்ச சக்தி தரும் ஆர்பிஎம்மை நன்றாகத் தாண்டிப் போகிறது என்றால் மட்டுமே 15ஆல் வேகம் கூடும்.

மைலேஜ் விஷயமும் இப்படித்தான். ஆர்பிஎம் குறைந்தால் உராய்வு குறையும், அது உண்மை. ஆனால் எஞ்சின் முக்கிக்கொண்டு போய் நீங்கள் அடிக்கடி கியர் இறக்கி த்ராட்டிலைத் திருகினால் மிச்சம் எதுவும் இருக்காது. ஊருக்குள் ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சை வழுக்கவிட்டுத்தான் நகர வேண்டியிருக்கும். நம் மாதிரி வண்டியின் முதல் கியர் 2.8 என்று வைத்துக்கொண்டால், 1500 ஆர்பிஎம்மில் கிளட்சை முழுதாக விட்டு நகரும் வேகம் 14/42ல் 6.9 கி.மீ. 15 போட்டால் 7.4, 13 போட்டால் 6.4. நெரிசலில் அந்த அரை கி.மீ. வித்தியாசத்தை இடது மணிக்கட்டு நன்றாகவே உணரும்.

15 வாங்கும் முன் ஸ்ப்ராக்கெட் கவருக்குள் அது சுற்ற இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். செயின் கிரான்க்கேஸில் (எஞ்சினின் வெளிக்கூடு) உரசினால் அதன் செலவு வேறு. பின்னால் பல்லைக் குறைப்பதும் இதே திசைதான், இடப் பிரச்சினை வராது, படிகளும் சின்னவை.

இன்னொரு வழியும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. விகிதத்தை மாற்றாமல் இரண்டையும் பெரிதாக்குவது. 14/42க்குப் பதில் 15/45. ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் செயின் நிம்மதியாக இருக்கும், எடை கொஞ்சம் கூடும். நீண்ட பயணங்களில் செயின் ஆயுள்தான் கவலை என்றால், இடம் இருக்கும் வண்டியில் இது நல்ல யோசனை. கூடுதலாக ஒரு நுணுக்கம்: செயினின் லிங்க் எண்ணிக்கை இரட்டைப்படை. ஸ்ப்ராக்கெட்டிலும் பல் இரட்டைப்படை என்றால் ஒரு பல்லுக்கு எப்போதும் உள் லிங்க், பக்கத்துப் பல்லுக்கு எப்போதும் வெளி லிங்க் என்றே அமைந்துவிடும். 13, 15 போன்ற ஒற்றைப்படையில் மாறி மாறி வரும், தேய்மானம் பரவும். இதற்காக மட்டும் விகிதத்தை மாற்றத் தேவையில்லை. இரண்டு தேர்வுகள் சமமாக நிற்கும்போது இதைத் தராசில் வைக்கலாம்.

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லுமா

வேகத்தை எங்கிருந்து எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. முன் சக்கரத்திலிருந்து கேபிள் வந்தாலோ, ஏபிஎஸ் சென்சாரிலிருந்து எடுத்தாலோ ஸ்ப்ராக்கெட் மாற்றம் அதைத் தொடாது. கியர்பாக்ஸ் பக்கம் சென்சார் உள்ள வண்டிகளில் கண்டிப்பாக மாறும். மீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், 13 போட்டபின் 80 என்று காட்டும்போது உண்மை வேகம் 74. 15 போட்டால் 80 என்று காட்டும்போது நீங்கள் 86ஐ நெருங்கிவிட்டீர்கள். இரண்டாவதுதான் ஆபத்து. வேக வரம்புக்குள் போகிறோம் என்ற நம்பிக்கையில் வரம்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

ஓடோமீட்டரும் அதே போலத் தவறும். 13 போட்ட வண்டியில் மீட்டர் 1000 கி.மீ. என்று காட்டினால் உண்மையில் 929தான் ஓடியிருக்கும். "13 போட்டும் மைலேஜ் குறையவே இல்லை" என்று சிலர் மகிழ்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஒப்பிடுவதற்கு முன் இந்தத் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்பிஎம்மையும் வேகத்தையும் வகுத்து கியர் எண்ணைக் காட்டும் மீட்டர்களும் குழம்பலாம். ஏபிஎஸ்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், அது இரண்டு சக்கரங்களின் வேகத்தைத்தான் பார்க்கிறது.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

செயின் எண் பொருந்த வேண்டும். 428 என்றால் ஒரு லிங்கின் நீளம் 12.7 மி.மீ., 520, 525, 530 எல்லாவற்றுக்கும் 15.875 மி.மீ. பின் இரண்டு இலக்கங்கள் அகலத்தைச் சொல்கின்றன. 520 ஸ்ப்ராக்கெட்டில் 525 செயின் சுற்றத்தான் செய்யும், ஆனால் பக்கவாட்டில் ஆடும். அப்படி ஓட்டாதீர்கள்.

முன் ஸ்ப்ராக்கெட் ஸ்டீலாகத்தான் இருக்க வேண்டும். பின்னால் அலுமினியம் எடை குறைவு, ஆனால் சீக்கிரம் தேயும். தினசரி ஓட்டத்துக்கு ஸ்டீலே போதும். சில வண்டிகளில் கம்பெனி முன் ஸ்ப்ராக்கெட்டின் பக்கவாட்டில் சத்தம் குறைக்க ரப்பர் ஒட்டியிருப்பார்கள். அது இல்லாத ஸ்ப்ராக்கெட்டை மாட்டிவிட்டு "13 போட்டதும் சத்தம் வருகிறது" என்று பல்லைக் குறை சொல்ல வேண்டாம்.

நீண்டுபோன செயினில் புது ஸ்ப்ராக்கெட்டை மாட்டினால் அது சீக்கிரமே சுறாத் துடுப்பு போல வளைந்துவிடும். செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் என மூன்றையும் சேர்த்து மாற்றுவதே முறை. செயின் இன்னும் புதிதாக இருக்கும்போது முன் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் சோதனைக்காக மாற்றிப் பார்ப்பது பரவாயில்லை.

முன் ஸ்ப்ராக்கெட்டின் நட்டைச் செயின் கழற்றுவதற்கு முன்பே தளர்த்துங்கள். கியரில் போட்டு, பின் பிரேக்கை மிதித்துப் பிடித்தால்தான் அது அசையும். லாக் வாஷர் புதிதாகப் போடுங்கள், நட்டை இறுக்கும் டார்க் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். செயின் தொய்வும் அதில் சொன்னபடி வையுங்கள், முதல் சில நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள்.

என் வண்டியும் 14/42தான். மலைப்பாதைக்காக 13 வாங்கி மாட்டினேன், மேட்டில் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் 90ல் எஞ்சின் 6900ஐத் தாண்டிவிட்டது. ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. எனக்குத் தேவைப்பட்டது அதில் பாதிதான் என்று அன்றைக்குப் புரிந்தது. செயின் செட் மாற்றும் நேரம் வந்ததும் 14/44 போட்டேன், விகிதம் 3.14. பழைய எண்ணிக்கையில் ஆக்ஸிலுக்கு இடம் போதாமல் 2 லிங்க் கூட்டினேன், ஆக்ஸில் 7 மி.மீ. பின்னால் போய் நின்றது. இப்போது 80க்கு 6000 ஆர்பிஎம், 90க்கு 6750. வளைவுகளில் இரண்டாவது கியர் போதுமானதாக இருக்கிறது. அந்த 13 பல் ஸ்ப்ராக்கெட்டை எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். சுமையோடு மலைக்கு மட்டும் போகும் பயணம் என்றால், செயின் புதிதாக இருக்கும்வரை, அதை மாட்டிக்கொண்டு போவேன்.